பள்ளியில் அவசர நிலை: வகுப்பு உதவியாளர் செய்ய வேண்டியவையும் தெரிவிக்க வேண்டியவையும்

மழலையர் வகுப்பில் மதிய உணவின்போது குழந்தைகளுடன் அமர்ந்திருப்பவர், கழிப்பறைக்கு அழைத்துச் செல்பவர், பள்ளி வாகனத்தில் உடன் வருபவர், விளையாட்டு நேரத்தில் மைதானத்தில் நிற்பவர் ஆகியோர் பெரும்பாலும் வகுப்பு உதவியாளர்களே. உதவி ஆசிரியை, ஆயா, சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் துணையாளர் எனப் பணியின் பெயர் பள்ளிக்குப் பள்ளி மாறலாம். எனினும், ஒரு குழந்தை மயங்கி விழும்போதோ உணவு தொண்டையில் அடைத்துக்கொள்ளும்போதோ அதை முதலில் காண்பவர் பல நேரங்களில் இவரே.

இக்கட்டுரை மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் உள்ள பள்ளிகளில் பணியாற்றும் வகுப்பு உதவியாளர்களுக்காக எழுதப்பட்டது. பிற பகுதிகளில் பணியாற்றுவோருக்கும் இது பயன்படும்.

தகவல் தெரிவிப்பது வேறு, அனுமதி கேட்பது வேறு

பள்ளிகளில் உயிர்காக்கும் நேரம் வீணாவதற்கு முதலுதவி தெரியாதது மட்டுமே காரணம் அன்று. "தலைமை ஆசிரியரைக் கேட்காமல் ஆம்புலன்ஸை அழைக்கலாமா? பெற்றோர் வரட்டுமே" என்ற தயக்கமும் ஒரு முக்கியக் காரணம். பணியில் இளையவராக இருப்பவருக்கு இத்தயக்கம் இன்னும் அதிகமாக இருக்கும்.

2019 நவம்பரில் கேரளத்தின் வயநாடு மாவட்டம் சுல்தான் பத்தேரியில், ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருவர் வகுப்பறையிலேயே பாம்பு கடித்து உயிரிழந்தார். அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதில் ஏற்பட்ட தாமதம் அம்மாநிலம் முழுவதும் பெரும் விவாதமானது. பாம்புக்கடி, நீண்ட வலிப்பு, மூச்சடைப்பு ஆகியவற்றில் பெற்றோர் வந்து சேரும் வரை காத்திருக்கும் நேரம், சிகிச்சை பலனளிக்கக்கூடிய நேரமாகும்.

ஆகவே இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் 108-ஐ அழைப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. அழைத்தவுடன் வகுப்பாசிரியருக்கும் தலைமை ஆசிரியருக்கும் தெரிவிப்பது உங்கள் கடமை. முதலில் அழைப்பு, அதனுடனேயே தகவல் என்பதே சரியான வரிசை. இதைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரிடம் பேசி உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

முதல் நிமிடத்தில் செய்ய வேண்டியவை

1. இடம் பாதுகாப்பானதா எனப் பாருங்கள். மின்சாரம் தாக்கியிருந்தால் குழந்தையைத் தொடுவதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.
2. குழந்தையின் பெயரைச் சொல்லி அழையுங்கள், தோளைத் தட்டுங்கள். மூச்சு இயல்பாக வருகிறதா என்று 10 விநாடிகளுக்கு மிகாமல் கவனியுங்கள்.
3. உதவிக்குக் குரல் கொடுங்கள். "யாராவது வாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், பெயர் சொல்லி வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒருவர் தலைமை ஆசிரியரிடம் செல்லட்டும். ஒருவர் மற்ற குழந்தைகளை வேறு அறைக்கு அழைத்துச் செல்லட்டும்.
4. குழந்தையை விட்டு நகராதீர்கள். தனியாக இருந்தால் கைப்பேசியின் ஒலிபெருக்கியை இயக்கி, அருகில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.
5. கடிகாரத்தைப் பாருங்கள். நிகழ்வு தொடங்கிய நேரம் மருத்துவருக்கு மிக முக்கியமான தகவல்.

உடனடியாக 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகள்

- அழைத்தால் பதில் இல்லை. மூச்சு இல்லை அல்லது மூச்சு இயல்பாக இல்லை.
- மூச்சுத்திணறலால் பேச முடியவில்லை. உதடு நீலம் பாய்கிறது.
- முதன்முறையாக வலிப்பு வந்துள்ளது. அல்லது வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடிக்கிறது. அல்லது நினைவு திரும்பும் முன் மீண்டும் வருகிறது.
- தலையில் அடிபட்ட பின் நினைவிழப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உள்ளது.
- அழுத்திப் பிடித்தும் இரத்தக்கசிவு நிற்கவில்லை.
- பாம்புக்கடி, மின்தாக்குதல், பெரிய தீக்காயம், நச்சுப் பொருள் அல்லது பொத்தான் மின்கலத்தை விழுங்குதல்.
- உணவோ மருந்தோ உட்கொண்ட பின், அல்லது பூச்சி கொட்டிய பின், முகம் வீங்குகிறது; மூச்சு விடச் சிரமப்படுகிறது; அல்லது மயக்கம் வருகிறது.

108-இல் என்ன சொல்ல வேண்டும்?

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008 முதல் இயங்கி வருகிறது, இது கட்டணமற்றது. அழைப்பை ஏற்பவரிடம் பள்ளியின் பெயர், தெரு, அருகிலுள்ள அடையாளம், எந்த வாயில் வழியாக ஊர்தி நுழைய முடியும், குழந்தையின் வயது, என்ன நேர்ந்தது, நினைவும் மூச்சும் உள்ளனவா ஆகியவற்றைச் சொல்லுங்கள். அவர் முடித்த பிறகே இணைப்பைத் துண்டியுங்கள்.

வாயிலைப் பற்றிய தகவல் நம் பகுதிகளில் தனிக் கவனம் பெற வேண்டியது. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின்போது, குறிப்பாக அறுபத்துமூவர் விழா நாளில், கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளில் வாகனம் நுழைய இயலாது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தியாகராய நகர் உஸ்மான் சாலையையும் பாண்டி பஜாரையும் கடக்க வழக்கத்தைவிடக் கூடுதல் நேரமாகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தாழ்வான தெருக்களில் நீர் தேங்கும். இத்தகைய நாள்களில் பின்வாயிலைப் பயன்படுத்த முடியுமா, அதன் சாவி யாரிடம் உள்ளது என்பதைக் காலையிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். ஊர்தி வரும்போது ஒருவர் தெருமுனையில் நின்று வழிகாட்ட வேண்டும்.

குழந்தையை எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது என்பதை ஊர்தியில் உள்ள அவசரகால மருத்துவ நுட்புநர் குழந்தையின் நிலையைப் பொறுத்து முடிவு செய்வார். இப்பகுதிகளுக்கு அருகில் இராயப்பேட்டை அரசு மருத்துவமனை உள்ளது. குழந்தைகளுக்கான உயர் சிகிச்சை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையிலும், கண் காயங்களுக்கான சிகிச்சை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும், தீக்காயங்களுக்கான சிறப்புச் சிகிச்சை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும்.

வலிப்பு

குழந்தையைத் தரையில் படுக்க வைத்து, சுற்றியுள்ள மேசை, நாற்காலிகளை அகற்றுங்கள். தலைக்கடியில் மடித்த துணியை வையுங்கள், கழுத்துப்பட்டையைத் தளர்த்துங்கள். இயன்றவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழிந்துவிடும்.

கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பது நம்மிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். அதனால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுவதால், இரும்பினால் நின்றதாகத் தோன்றுகிறது. சாவியைத் தேடும் நேரத்தில் கடிகாரத்தைப் பார்ப்பதே குழந்தைக்கு உதவும். பற்களுக்கிடையே கரண்டியோ துணியோ திணிக்கக் கூடாது. பல் உடையலாம், மூச்சுக்குழாய் அடைபடலாம். கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். முழு நினைவு திரும்பும் வரை தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

தொண்டையில் அடைப்பு

குழந்தை இருமிக்கொண்டிருந்தால் தொடர்ந்து இருமச் சொல்லுங்கள். முதுகில் தட்ட வேண்டாம். இருமவோ பேசவோ முடியாவிட்டால், முன்பக்கமாகக் குனிய வைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். வெளிவராவிட்டால் குழந்தையின் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கை முட்டியை வைத்து, மறு கையால் அதைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும் வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது மேலும் உள்ளே செல்லும். அடைப்பு நீங்கிய பிறகும், வயிற்றை அழுத்தியிருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூச்சும் நினைவும் இல்லாதபோது

உடனே இதய இயக்க மீட்பைத் (சி.பி.ஆர்.) தொடங்க வேண்டும். மார்பின் நடுவே, மார்பு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு (ஏறத்தாழ 5 செ.மீ.), நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்துங்கள். 30 அழுத்தங்களுக்குப் பின் 2 முறை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். அதில் பயிற்சி இல்லாதவர் அழுத்தத்தை மட்டுமாவது நிறுத்தாமல் தொடர வேண்டும். இதைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள இயலாது. உங்கள் பள்ளியில் செயல்முறைப் பயிற்சி நடத்தும்படி கேளுங்கள்.

தலைக்காயம்

பள்ளியில் மிகச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுவதும், பின்னர் மிகுந்த வருத்தத்தைத் தருவதும் தலைக்காயமே. விழுந்த குழந்தை எழுந்து விளையாடச் சென்றுவிடலாம். ஆபத்தின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்து, குழந்தை வீட்டிலோ பள்ளி வாகனத்திலோ இருக்கும்போது தோன்றலாம். விழுந்ததைப் பெற்றோர் அறியாவிட்டால், மாலையில் வரும் வாந்தியை அவர்கள் அஜீரணம் என்றே நினைப்பர். எனவே தலையில் பட்ட எந்த அடியையும், காயம் தெரியாவிட்டாலும், அன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள். வாந்தி, கடும் தலைவலி, எழுப்பக் கடினமான தூக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும் என்றும், இவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்றும் தெரிவியுங்கள்.

பிற நிலைகள் சுருக்கமாக

- பாம்புக்கடி: கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டியும், மரங்கள் அடர்ந்த அடையாறு வளாகங்களிலும் பாம்புகள் நடமாடுவது இயல்பு. கடிபட்ட கை அல்லது காலை அசைக்காமல் வைத்து, கொலுசு, வளையல், காலணியைக் கழற்றுங்கள். இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது கூடாது. பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டாம். காயம் சிறிய கீறலாகத் தெரிந்தாலும் ஐயம் இருந்தால் பாம்புக்கடி என்றே கருதுங்கள்.
- நாய்க்கடி: காயத்தை ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். அன்றே தடுப்பூசி தொடங்கப்பட வேண்டும்.
- தீக்காயம்: ஓடும் குழாய் நீரில் 20 நிமிடங்கள் காட்டுங்கள். மை, பற்பசை, மஞ்சள், ஐஸ்கட்டி வேண்டாம்.
- மூக்கில் இரத்தம்: தலையை அண்ணாந்து வைக்கக் கூடாது. சற்று முன்சாய்ந்து அமர வைத்து, மூக்கின் மென்பகுதியை 10 நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.
- கண்ணில் பென்சில் அல்லது காம்பஸ் முனை குத்துதல்: பொருளைப் பிடுங்க வேண்டாம், கண்ணைக் கழுவவோ அழுத்தவோ வேண்டாம். ரசாயனம் பட்டால் மட்டும் 15 முதல் 20 நிமிடங்கள் நீரால் கழுவுங்கள்.
- ஆஸ்துமா: நிமிர்ந்து அமர வைத்து, குழந்தைக்கென மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி இன்ஹேலரைப் பயன்படுத்த உதவுங்கள். தணியாவிட்டால் 108.
- நீரிழிவு உள்ள குழந்தைக்கு நடுக்கம், வியர்வை, குழப்பம்: விழுங்க முடியுமானால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.
- நிரந்தரப் பல் விழுதல்: வேரைத் தொடாமல் பல்லைக் குளிர்ந்த பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தீ

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நிகழ்ந்த பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். சமையற்கூடத்தில் பற்றிய தீ மேல்தளக் கூரைக்குப் பரவியது. மேலே இருந்த சிறு குழந்தைகளால் வெளியேற முடியவில்லை. அதன்பின் பள்ளிகளில் கூரை வேய்ந்த கட்டடங்கள் தடை செய்யப்பட்டன. ஆயினும் பூட்டிய வாயிலும், பொருள்கள் அடைத்த படிக்கட்டும் ஓட்டுக் கட்டடத்திலும் அதே ஆபத்தை உண்டாக்கும். புகை கண்டவுடன் குழந்தைகளை வரிசையாக வெளியேற்றுங்கள். புத்தகப் பைகளை எடுக்க விடாதீர்கள். கழிப்பறையில் எவரும் உள்ளனரா எனப் பாருங்கள். வெளியே வந்ததும் வருகைப் பதிவேட்டைக் கொண்டு எண்ணுங்கள். ஒருவர் குறைந்தாலும் தீயணைப்பு வீரர்களிடம் உடனே தெரிவியுங்கள்.

பார்த்தவரே உடன் செல்ல வேண்டும்

அவசர சிகிச்சைப் பிரிவில் நாங்கள் கேட்கும் முதல் கேள்விகள் எளியவை: எத்தனை மணிக்குத் தொடங்கியது? முதலில் கை இழுத்ததா, கால் இழுத்ததா? என்ன சாப்பிட்டது? எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது? உடன் வந்தவர் பள்ளி அலுவலராக இருந்தால் பல நேரங்களில் அவருக்கு இவை தெரிவதில்லை. பார்த்த உதவியாளரோ வகுப்பறையிலேயே இருந்துவிடுகிறார். நிகழ்வைக் கண்டவர் குழந்தையுடன் வர வேண்டும். அது இயலாதபோது, கைப்பேசியில் தொடர்புகொள்ளும் நிலையில் இருக்க வேண்டும். குழந்தையின் உடல்நலக் குறிப்பு, வழக்கமாக உட்கொள்ளும் மருந்து, ஒவ்வாமை விவரம், விழுங்கிய பொருளின் உறை ஆகியவற்றையும் எடுத்து வாருங்கள்.

எழுத்துப்பூர்வ அறிக்கை

நிகழ்ந்த அன்றே, நினைவு மங்கும் முன் எழுதுங்கள். நீங்கள் கண்டதை மட்டும் எழுதுங்கள். பிறர் சொன்னதை, "சொன்னார்" என்று குறிப்பிட்டே எழுதுங்கள். காரணத்தை ஊகிக்க வேண்டாம்.

"குழந்தை கவனக்குறைவாக விளையாடி விழுந்துவிட்டது, முதலுதவி அளிக்கப்பட்டது" என்ற குறிப்பால் எவருக்கும் பயனில்லை. கீழ்க்காணும் மாதிரியைப் பாருங்கள்:

"காலை 10.40. சறுக்குமரத்தின் மேல்படியிலிருந்து (ஏறத்தாழ 4 அடி) சிமெண்ட் தரையில் விழுந்தாள். தலையின் பின்பக்கம் பட்டது. உடனே அழுதாள், நினைவு இழக்கவில்லை. வீக்கம் இருந்தது, ஈரத்துணி வைத்தேன். 10.45 வகுப்பாசிரியரிடம் சொன்னேன். 10.50 தாயாரிடம் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டது. 11.20 ஒருமுறை வாந்தி. 11.22 மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம்."

இத்தகைய குறிப்பு மருத்துவருக்குச் சிகிச்சையில் உதவும். பெற்றோருக்கு உண்மையைத் தெரிவிக்கும். நேர்மையாகச் செயல்பட்ட உங்களுக்கும் பாதுகாப்பாகும். எழுதியதைப் பின்னர் மாற்றும்படி எவர் கூறினாலும் ஏற்காதீர்கள். கூடுதல் தகவல் இருந்தால் புதிய தேதியும் நேரமும் இட்டுக் கீழே சேருங்கள். குழந்தையின் படத்தையோ பெயரையோ வாட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டாம்.

பெற்றோரிடம் சொல்லும் முறை

யார் பேசுவது என்பதைப் பள்ளி முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பேசுபவர் முதலில் தம் பெயரையும் பள்ளியின் பெயரையும் சொல்லி, என்ன நேர்ந்தது, குழந்தை இப்போது எப்படி உள்ளது, எந்த மருத்துவமனைக்குச் செல்கிறது, உடன் யார் இருக்கிறார் என்பவற்றைச் சுருக்கமாகக் கூற வேண்டும். "ஒன்றுமில்லை, சும்மா வாருங்கள்" என்று மறைப்பதும், "நிலைமை மோசம்" என்று அச்சுறுத்துவதும் தவறு.

காயத்துக்குப் பின்னால் வேறு காரணம் இருந்தால்

சொல்லப்பட்ட காரணத்துக்குப் பொருந்தாத காயம், திரும்பத் திரும்ப வரும் தழும்பு, ஒருவரைக் கண்டால் அஞ்சுதல், பிறப்புறுப்பில் வலி ஆகியவற்றைக் கண்டால் குழந்தை சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். துருவித் துருவிக் கேள்வி கேட்க வேண்டாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்களிக்கவும் வேண்டாம்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 (போக்சோ) பிரிவு 19-இன்படி, இத்தகைய குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டதால் இக்கடமை முடிந்துவிடாது. தெரிவிக்கத் தவறுவது பிரிவு 21-இன்படி தண்டனைக்குரியது. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது சட்ட நடவடிக்கை எடுக்க இயலாது. அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்தையோ 1098 குழந்தைகள் உதவி எண்ணையோ அணுகலாம்.

பள்ளி வாயிலில் சாலை விபத்து

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 134அ, விபத்தில் காயமுற்றவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவரைப் பாதுகாக்கிறது. தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உச்சவரம்புக்குட்பட்டுக் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. எனவே செலவை எண்ணித் தயங்க வேண்டாம்.

ஜூன் மாதத்திலேயே செய்ய வேண்டியவை

- உங்கள் வகுப்பில் வலிப்பு, ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய், ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பட்டியலை வகுப்பாசிரியரிடம் பெறுங்கள். பிறர் பார்வையில் படாதவாறு, எளிதில் எடுக்கும் இடத்தில் வையுங்கள்.
- அக்குழந்தைகளின் மருந்து எங்குள்ளது, எப்போது தர வேண்டும் என்பதைப் பெற்றோரிடமிருந்து எழுத்தில் பெறுமாறு பள்ளியைக் கேளுங்கள். அவ்வாறு எழுதித் தராத எந்த மருந்தையும் நீங்களாகத் தர வேண்டாம்.
- ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு தொடர்பு எண்கள் உள்ளனவா, அவை இப்போதும் இயங்குகின்றனவா எனச் சரிபாருங்கள்.
- முதலுதவிப் பெட்டி பூட்டப்படாமல் இருக்க வேண்டும். காலாவதியான பொருள்களை அகற்றுங்கள்.

நிகழ்வுக்குப் பின்

அந்தக் காட்சி நாள்கணக்கில் மனத்தை விட்டு அகலாமல் இருப்பதும், உறக்கம் கெடுவதும் இயல்பு. இன்னும் விரைவாகச் செயல்பட்டிருக்கலாமோ என்ற எண்ணம் வாட்டினால் 14416 (டெலி மானஸ்) எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம். நேரில் கண்ட குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

அவசர எண்கள்

ஆம்புலன்ஸ் 108 | ஒருங்கிணைந்த அவசர உதவி 112 | காவல் துறை 100 | தீயணைப்பு 101 | குழந்தைகள் உதவி 1098 | மருத்துவ ஆலோசனை 104 | மனநல உதவி 14416 | பள்ளிக் கல்வி உதவி மையம் 14417

இவ்வெண்களை வகுப்பறையின் உட்கதவில், பள்ளியின் முழு முகவரியுடனும் ஊர்தி நுழையும் வாயிலின் விவரத்துடனும் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்தப் பள்ளியின் தெருப்பெயர்கூட நினைவுக்கு வராமல் போகலாம்.